தூத்துக்குடியில் இறங்காத விமானம்

கேப்டன் ஜெரோம் பர்னாந்துவை வானத்திலிருந்து இறக்கி ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்தது ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதியவள், கணினி விளையாட்டுக்கு நிரல் எழுதும் மங்கையர்க்கரசி. அவர்மேல் அவளுக்கு எந்தக் கோபமும் கிடையாது. சொல்லப்போனால் அவள் வேலை பார்த்த அலுவலகத்துக்கு வந்துபோகிறவர்களில் அவளுக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்.

அலுவலகம் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில், ஒரு பம்புசெட் ஷோரூமுக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. பட்டம் ஸ்டூடியோ என்று பெயர். முப்பது பேர் நான்கு வருடமாக ‘மேகவாசல்’ என்ற விமானம் ஓட்டும் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட விளையாட்டுகள் ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றனவே, இன்னொன்று எதற்கு என்று யாராவது கேட்டால் நிறுவனர் கார்வேந்தன் ஒரு பதில் தயாராக வைத்திருந்தார்.

“மத்ததெல்லாம் பொம்மை விமானமுங்க. நம்முளுது இன்னைக்குப் போன விமானம்.”

விஷயம் அதுதான். பறக்கும் விமானம் தன் உயரம், வேகம், எடை, எரிபொருள், சுற்றியுள்ள காற்று எல்லாவற்றையும் நொடிக்கு நொடி தரைக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. நெய்தல் ஏர் என்ற விமான நிறுவனம் அந்தத் தகவலை ஒரு மணி நேரம் தாமதமாக மேகவாசலுக்குக் கொடுக்கச் சம்மதித்தது. ஆகவே மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து நிஜமாகக் கிளம்பிய விமானத்தை, நான்கு மணிக்கு நாமக்கல்லில் ஒருவர் சோபாவில் சாய்ந்தபடி, அதே காற்றில், அதே எடையோடு ஓட்டலாம். ஓட்டி முடித்ததும் திரையில் ஒரு பட்டியல் வரும். இந்த விமானத்தை எத்தனை பேர் ஓட்டினார்கள், எத்தனை பேர் என்ன முடிவெடுத்தார்கள், நிஜக் கேப்டன் என்ன செய்தார்.

ஜெரோம், நெய்தல் ஏரின் மூத்த கேப்டன். ஐம்பத்திரண்டு வயது, தூத்துக்குடிக்காரர். விளையாட்டு நிஜம்போல இருக்க வேண்டும் என்பதற்காக மாதம் இரண்டு நாள் அவரை அனுப்பிவைத்தார்கள். அவர் வந்து மாதிரி விமானி இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

“ஜன்னல் சும்மா இருக்கும்மா,” என்பார். “நெசத்துல எறங்கும்போது அது லேசா முனகும். பல் வலிக்காரன் தூக்கத்துல முனகுத மாதிரி.”

மங்கை அந்த முனகலைச் செய்ய ஒரு வாரம் உழைப்பாள். அடுத்த முறை வந்து கேட்டுவிட்டு, “வலி கொஞ்சம் அதிகமாயிட்டு” என்பார். மறுபடியும் குறைப்பாள். இப்படியே இரண்டு வருடம்.

அந்த வரி பிறந்தது வெளியீட்டுக்கு முந்தைய மாதத்தில். சோதனைக்கு வந்தவர்கள் முதல் முறை விமானத்தை நொறுக்கியதும் மனம் விட்டுப்போய் எழுந்து சென்றுவிட்டார்கள். பட்டியலில் ‘நொறுங்கியது’ என்று தன் பெயருக்கு நேரே பார்க்க யாருக்குப் பிடிக்கும். மங்கை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒருவர் ஒரே பயணத்தை எத்தனை முறை ஓட்டினாலும், அவருடைய சிறந்த முயற்சி ஒன்றை மட்டும் பட்டியலில் சேர்த்துக்கொள். அவ்வளவுதான் அந்த வரி. எழுந்து போனவர்கள் உட்கார்ந்தார்கள். கார்வேந்தன் அவளுக்குக் கைகொடுத்தார்.

வெளியான ஆறாம் மாதம், ஆடி பிறந்த முதல் வாரம். எழுபத்திரண்டு பேரோடு, அதாவது அறுபத்தெட்டு பயணிகளும் நான்கு பணியாளர்களுமாக, ஜெரோம் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சின்ன விமானம் ஒன்றை ஓட்டிப் போனார். தூத்துக்குடியில் ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டுக் காற்று மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஜெரோம் தாழ வந்தார், ஓடுபாதை கண்ணில் படும் தூரம்வரை வந்தார், பிறகு மூக்கைத் தூக்கி மேலே ஏறி மதுரைக்குப் போய் இறங்கினார். பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள்.

பயணிகளில் ஒருவருக்கு அன்று மாலை நிச்சயதார்த்தம். அவர்தான் மாப்பிள்ளை. பஸ் கோவில்பட்டியைத் தாண்டும்போது அவர் எரிச்சலில் கைப்பேசியை எடுத்தார். மேகவாசலைத் திறந்தார். சற்றுமுன் தான் உட்கார்ந்து வந்த அதே விமானத்தை, அதே காற்றில், தூத்துக்குடியில் இறக்கினார். திரையைப் பதிவுசெய்து ஊர் முழுக்கப் பரப்பினார். “பஸ்ல ஆடிக்கிட்டே நான் இறக்கிட்டேன். இருபத்தாறு வருஷம் சர்வீஸ் உள்ளவரால முடியல,” என்று அதில் பேசியிருந்தார். கீழே மேகவாசலின் பட்டியல் தெளிவாகத் தெரிந்தது. ஓட்டியவர்கள் நாற்பத்தோராயிரம் பேர். பத்திரமாகத் தூத்துக்குடியில் இறக்கியவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர்.

நாடே சிரித்தது. நெய்தல் ஏரின் பயிற்சிப் பிரிவுத் தலைவர் ஹேமச்சந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கணக்குப் போட்டார். ஒரு கேப்டனின் முடிவு சரியா என்று சொல்ல இதுவரை இரண்டு மூன்று அதிகாரிகள்தான் இருந்தார்கள். இப்போது நாற்பத்தோராயிரம் பேர் இருக்கிறார்கள், சம்பளமும் கேட்காமல். ஒரே மாதத்தில் ‘மக்கள் மதிப்பெண்’ என்ற திட்டம் வந்தது. கேப்டனின் முடிவோடு எத்தனை சதவீதம் பேர் ஒத்துப்போகிறார்களோ அதுதான் அவர் மதிப்பெண். ஐம்பதுக்குக் கீழே போனவர்கள் தரைப்பணிக்கு மாறுவார்கள். செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள்: ‘எங்கள் விமானிகளைத் தேர்ந்தெடுப்பது நீங்கள்.’

ஜெரோம் அந்தப் பயணத்துக்கு வாங்கியது ஏழு.

சென்னையில் நெய்தல் ஏர் அலுவலகத்தில், யார் எந்த விமானத்தில் எந்த நாள் போக வேண்டும் என்று பட்டியல் போடும் அறையில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். மங்கை ஒரு வேலையாகச் சென்னை வந்தவள் அவரைப் பார்க்கப் போனாள். அறையில் ஜன்னல் இல்லை. சீருடையின் தோள்பட்டைக் கோடுகளைக் கழற்றிவிட்டிருந்தார். துணியில் அவை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் தெரிந்தது.

“வாம்மா. காப்பி நல்லாருக்காது, இருந்தாலும் குடி,” என்றார்.

“கேப்டன், உங்களுக்குக் கோபம் இல்லையா?”

“யாரு மேல?”

“எங்க மேல. விளையாட்டு மேல.”

அவர் காகிதக் கோப்பையைச் சுழற்றிப் பார்த்தார். “வெளையாட்டு நல்லாத்தாம்மா இருக்கு. அந்தப் பயணத்த நானும் இங்க உக்காந்து ஓட்டிப் பாத்தேன். மொத தடவையே எறங்கிட்டு.”

“அப்போ ஏன் நிஜத்துல மதுரைக்குப் போனீங்க?”

“காத்து,” என்றார். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு மறுபடியும் சொன்னார். “ரிப்போர்ட்டுலயும் அதத்தான் எழுதிருக்கேன். காத்து.”

கோயம்புத்தூர் திரும்பிய மறுநாள் மங்கை அந்தப் பயணத்தின் மூலப் பதிவுகளைத் திறந்தாள். பட்டியலில் வந்த சிறந்த முயற்சிகளை விட்டுவிட்டு, ஒவ்வொருவரின் முதல் முயற்சியைத் தனியாகப் பிரித்தாள். முதல் முயற்சியில் பதினாலாயிரத்து எண்ணூறு பேர் விமானத்தை நொறுக்கியிருந்தார்கள். பெரும்பாலானோர் உடனே ‘மீண்டும் தொடங்கு’ பொத்தானை அமுக்கி, இரண்டாவதில், மூன்றாவதில், சிலர் பதினோராவதில் இறக்கியிருந்தார்கள். பஸ்ஸில் போன மாப்பிள்ளை நான்காவது முறைதான் இறக்கினார். முதல் மூன்று முறை, தன்னையும் சேர்த்து எழுபத்திரண்டு பேரைக் கொன்றிருந்தார்.

எழுபத்திரண்டைப் பதினாலாயிரத்து எண்ணூறால் பெருக்கினாள். பத்து லட்சத்து அறுபத்தையாயிரத்து அறுநூறு. அன்று மாலை தூத்துக்குடியில் அத்தனை பேர் இறந்திருந்தார்கள். அந்தப் பிணங்களை எல்லாம் அவள் எழுதிய அந்த ஒரு வரி கூட்டிப் பெருக்கி ஓரமாக ஒதுக்கிவிட்டு, தொண்ணூற்று மூன்று என்று மட்டும் காட்டியிருந்தது.

கார்வேந்தனிடம் கொண்டுபோனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல அவர். தொழில் செய்கிற மனிதர்.

“இத இப்ப வெளிய சொன்னா என்னாகுமுங்க, மங்கை? நொறுக்குனவன் அத்தன பேரும் நம்மளத் திட்டுவான்.”

“சொல்ல வேண்டாம் சார். மாத்தினா போதும். நிஜப் பயணத்துக்கு ஒரே ஒரு வாய்ப்பு. நொறுங்கினா அவ்வளவுதான். மீண்டும் தொடங்கு பொத்தானே வேண்டாம்.”

“ஒருக்கா தோத்தவன் மறுக்கா வருவானுங்களா?”

“வர முடியாது. அவர் பெயர், பறந்த மணிக்கணக்கு, பதக்கம் எல்லாம் அழிஞ்சுடும். அதே போன் நம்பர்ல திரும்பச் சேர முடியாது. அவர் நண்பர்களுக்கு மட்டும் ஒரு தகவல் போகும், இன்னார் இன்ன இடத்துல இறந்துட்டார்னு. உயிர்னா அப்படித்தானே சார்? பயம் இல்லாதவங்க கொடுக்கிற மார்க்கை வச்சு, பயப்பட வேண்டிய ஒருத்தரை எடைபோட்டுக்கிட்டிருக்கோம்.”

கார்வேந்தன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அவள் மறுப்பை எதிர்பார்த்து நின்றாள். அவரோ ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தபடி, “ஒற்றை உயிர்,” என்றார். “பேரு நல்லாருக்குங்களா?”

ஒற்றை உயிர் ஆவணியில் வெளிவந்தது. முதல் நாளே நாற்பதாயிரம் பேர் இறந்தார்கள். கரூரில், மேகவாசலில் எண்ணூறு மணி நேரம் பறந்த ஒரு ஜவுளி ஏற்றுமதிக்காரர் கொச்சிக்கு மேலே மின்னலில் மாட்டி இறந்துபோனார். அவருடைய நண்பர்கள் பஸ் நிலையத்துக்கு எதிரே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிய பேனர் வைத்தார்கள். செத்தவர் தானே போய் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார். தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது. கார்வேந்தன் இரண்டு பேட்டி கொடுத்தார்.

மங்கை எதிர்பார்த்தது நடந்தது. பிழைத்தவர்கள் ஜாக்கிரதையானார்கள். வட்டமடித்துக் காத்திருந்தார்கள், பக்கத்து ஊருக்குத் திருப்பினார்கள். அந்த ஆடி மாதப் பயணத்தைப் புதிய விதிப்படி ஓட்டிப் பார்க்கும் வசதியையும் அவள் செய்து வைத்திருந்தாள். இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேர் மதுரைக்கு ஓடினார்கள். ஏழாக இருந்த ஜெரோமின் மதிப்பெண் தொண்ணூற்றெட்டாக ஏறியது.

அவள் எதிர்பாராததும் நடந்தது. ஐப்பசி பிறந்து மழை தொடங்கியதும், ஜாக்கிரதை வேறொன்றாக மாறியது. விளையாட்டில் ‘புறப்பட மறுக்கிறேன்’ என்று ஒரு பொத்தான் உண்டு. சட்டப்படி கேப்டனுக்கு அந்த உரிமை இருப்பதால் மங்கை அதை ஒப்புக்கு வைத்திருந்தாள். ஒற்றை உயிருக்கு முன்பு மொத்தமே பதினேழு பேர்தான் அதை அமுக்கியிருந்தார்கள். இப்போது சென்னையில் லேசாகத் தூறினாலே நூற்றுக்கு எண்பது பேர் அதை அமுக்கினார்கள். மாதக்கணக்கில் சேர்த்த மணிகளையும் பதக்கங்களையும் ஒரு மேகத்துக்காக யார் இழப்பார். கையில் காப்பியோடு, ஓடுபாதையின் ஓரத்தில் நிற்கும் விமானத்தில் உட்கார்ந்து, கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்துவிட்டு, மறுத்துவிட்டு எழுந்துபோனார்கள். உலகத்திலேயே மிகத் தத்ரூபமான விமான விளையாட்டில் யாரும் பறக்கவில்லை.

நெய்தல் ஏரின் கணினிக்கு இந்த வேடிக்கையெல்லாம் தெரியாது. நிஜ விமானிகள் தூறலில் வழக்கம்போலக் கிளம்பினார்கள். மக்களில் நூற்றுக்கு எண்பது பேர் மறுத்த பயணத்தில் கிளம்பியதற்காக இருபது மதிப்பெண் வாங்கினார்கள். ஒரே வாரத்தில் முப்பத்தொரு விமானிகள் தரைக்கு வந்தார்கள். பட்டியல் போடும் அறையில் நாற்காலி போதவில்லை. எழுதப் பட்டியல் நிறைய இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. பயணிகள் விமான நிலையத் தரையில் துண்டு விரித்துப் படுத்தார்கள்.

திட்டம் தவறு என்று ஒப்புக்கொள்வதற்கு விளம்பரம் தடையாக இருந்தது. முழுப்பக்கம் கொடுத்தாயிற்று. ஆகவே ஹேமச்சந்திரன் வேறு வழி பார்த்தார். நிறுவனத்திலேயே மிக அதிக மதிப்பெண் பெற்ற விமானி யார் என்று தேடினார். தொண்ணூற்றெட்டு. ஜெரோம் பர்னாந்து, பட்டியல் அறை. ஆடிக்குப் பிறகு அவர் பறக்கவே இல்லை என்பதால் அந்த எண்ணைக் குறைக்க எதுவும் நடக்கவும் இல்லை.

கார்த்திகை முதல் வாரம் ஜெரோமைப் பாதுகாப்புத் தலைமை அதிகாரி ஆக்கினார்கள். ஏழாவது மாடியில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த அறை. “திரும்பப் பறக்க விடுங்கன்னு கேட்டேன்,” என்று அவர் மங்கையிடம் தொலைபேசியில் சொன்னார். “நீங்க ரொம்ப முக்கியமான ஆளு, உங்களப் பறக்கவிட முடியாதுன்னுட்டானுவ.”

அடுத்து, அவருடைய முடிவை ஒரு பாடமாகச் செய்ய வேண்டும் என்று தீர்மானமானது. ‘தூத்துக்குடித் தீர்மானம்’ என்று பெயர். எல்லா விமானிகளும் அதை மேகவாசலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னணியில் ஜெரோமின் குரல் விளக்கம் சொல்லும். செய்துகொடுக்கும் பொறுப்பு மங்கைக்கு வந்தது. முதல் வடிவத்தைப் பார்த்த ஹேமச்சந்திரன் உதட்டைப் பிதுக்கினார்.

“மேடம், இதுல கன்வின்ஸிங்கா இல்லையே. நல்ல விமானி எவரும் இந்தக் காத்துல இறக்கிடுவாரு போல இருக்கு.”

“அன்னைக்கு இருந்த காத்து அதுதான் சார். நாற்பத்தஞ்சு.”

“பாடம்னா தெளிவா இருக்கணும். அறுபது வைங்களேன்.”

மங்கை கார்வேந்தனைப் பார்த்தாள். கார்வேந்தன், “பாடந்தானுங்களே,” என்றார். அவள் நாற்பத்தைந்தை அழித்து அறுபது என்று போட்டாள். மனசு உறுத்தியது. ஆனால் எந்த மனிதரை அவளுடைய வரி கீழே இறக்கியதோ, அவரை இந்த எண் இன்னும் கொஞ்சம் உயரத்தில் நிறுத்தும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

குரல் பதிவுக்கு ஜெரோம் கோயம்புத்தூர் வந்தார். காலை பதினோரு மணி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் மங்கை, கார்வேந்தன், ஹேமச்சந்திரன். எழுதிக்கொடுத்ததை அவர் நிதானமாக வாசித்தார். தூத்துக்குடியை நெருங்கினோம், புழுதி மூடியிருந்தது என்று வந்து, நின்றார்.

“பக்கவாட்டுக் காற்று அறுபது கிலோமீட்டர்னு போட்டிருக்கு. யாரு எழுதினது?”

மங்கை பேச்சுப் பொத்தானை அமுக்கினாள். “நான்தான் கேப்டன்.”

“நாப்பத்தஞ்சுல்லா.”

“தெரியும்.”

அவர் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹேமச்சந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அன்னைக்குக் காத்து நாப்பத்தஞ்சுதான்,” என்றார் ஜெரோம், ஒலிவாங்கியைப் பார்த்து. “அந்தக் காத்துல நான் நூறு தடவ எறக்கிருக்கேன். எங்க கம்பெனில பத்துப் பேர்ல ஒம்பது பேரு எறக்கிருவான். அன்னைக்குச் சரியில்லாம இருந்தது காத்து இல்ல, நான். என் வீட்டுக்காரிக்கு மார்ல ஒரு கட்டி. டெஸ்ட் ரிசல்ட்டுக்காகக் காத்துக்கிட்டு இருந்தோம். ரெண்டு நாளா நான் கண்ண மூடல. லீவு கேட்டிருக்கணும். கேட்டா காரணம் எழுதணும், எழுதினா ஃபைல்ல ஏறும், அடுத்த மெடிக்கல்ல தோண்டுவாங்க. அதனால கேக்கல. சென்னைல கெளம்பும்போது நல்லாத்தான் இருந்தேன், அப்டித்தான் நெனச்சேன்.”

கார்வேந்தன் நிறுத்தச் சொல்லிக் கையசைத்தார். மங்கையின் விரல் பதிவை நிறுத்தும் பொத்தானுக்கு மேலே இருந்தது. அவள் அதை அமுக்கவில்லை.

“கீழ வரும்போது பக்கத்துல உள்ள கோ-பைலட் உயரத்த ‘ஆயிரம் அடி’ன்னு சொல்லணும், நான் பதில் கொடுக்கணும். சொன்னான். நான் பதில் சொல்லல. மறுபடியும் சொன்னான். அப்பத்தான் எனக்குக் கேட்டுது. மொத தடவ சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல. பக்கத்துல இருக்கிறவன் பேசினது. அப்பவே மேல ஏத்திட்டேன். எதுக்குன்னு அவன் கேக்கல. நானும் சொல்லல. காத்துன்னு எழுதிட்டேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “மறுநாள் ரிசல்ட் வந்துட்டு. ஒண்ணுமில்ல, வெறும் கொழுப்புக் கட்டி. இத விட்டுட்டுக் காத்தப் பத்திப் பாடம் எடுத்தோம்னா, காத்து இல்லாத நாள்ல எவனாவது சாவான்.”

கார்வேந்தன் கையைக் கீழே இறக்கினார்.

“இதை டெலீட் பண்ணிடலாம்,” என்றார் ஹேமச்சந்திரன்.

“பண்ணிக்கிடுங்க,” என்றார் ஜெரோம், கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபடி. “சாயங்காலம் இதையே எழுத்துல தாரேன்.”

எழுதிக் கொடுக்கவும் செய்தார். விசாரணை நடந்தது. உடல்நிலையை மறைத்துப் பறந்தது குற்றம், பொய்க் காரணம் எழுதியது அதைவிடப் பெரிய குற்றம். இப்படிப்பட்டவர் பாதுகாப்புத் தலைமை அதிகாரியாக இருக்க முடியாது என்று ஏழாவது மாடியை எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் மருத்துவர்கள் அவரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நன்றாகத் தூங்குகிறார் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் விமானிகள் பற்றாக்குறை முற்றியிருந்தது. மக்கள் மதிப்பெண்ணை யாரும் ரத்து செய்யவில்லை. அதை யாரும் பார்ப்பதில்லை என்று மட்டும் ஆகியிருந்தது. பதவிக்குத் தகுதியற்ற, பறக்கத் தகுதியுள்ள ஒரு மூத்த கேப்டனை அவர்கள் விமானத்தில் ஏற்றினார்கள். அவர் கேட்டது அதுதான்.

பாடத்தை நெய்தல் ஏர் வேண்டாம் என்றுவிட்டது. செய்துமுடித்த ஒன்றைத் தூக்கி எறியக் கார்வேந்தனுக்கு மனம் வரவில்லை.

“அந்தக் குரல் பதிவு இருக்குதுங்களா?” என்று மங்கையிடம் கேட்டார்.

“இருக்கு சார். அழிச்சுட்டேன்னு சொன்னேன். அழிக்கல.”

“கேப்டன்கிட்ட ஒரு வார்த்த கேட்டு, எல்லாரும் ஓட்டற மாதிரி மேகவாசல்லயே போட்டுருங்க. நாற்பத்தஞ்சே இருக்கட்டும்.”

ஜெரோம், “போட்டுக்கோம்மா, இனி என்ன,” என்றார்.

மங்கை அதில் இன்னொன்றும் செய்தாள். யாரிடமும் கேட்கவில்லை. விமானம் தாழ்ந்து வரும்போது திரையில் கோ-பைலட்டின் உதடு ‘ஆயிரம் அடி’ என்று அசையும், சத்தம் வராது. காற்றும் எஞ்சினும் ஜன்னலும் கேட்கும், அவன் குரல் மட்டும் கேட்காது. நான்கு நொடி கழித்து இரண்டாம் முறை சொல்லும்போது கேட்கும். விளக்கம் எதுவும் திரையில் வராது. ஜெரோமின் குரலும் எல்லாம் முடிந்த பிறகுதான் வரும்.

முதல் வாரத்தில் பிழை தெரிவிக்கும் படிவத்தில் மூவாயிரத்துச் சொச்சம் புகார்கள் வந்தன. கிட்டத்தட்ட எல்லாமே ஒன்றுதான்: ஆயிரம் அடியில் சத்தம் வரவில்லை, உடனே சரிசெய்யவும். பாடத்தில் உயிர் போகாது என்பதால் பெரும்பாலானோர் சத்தம் இல்லாமலே தூத்துக்குடியில் இறக்கியிருந்தார்கள். இறக்கிவிட்டு, குரலைக் கேட்காமல் வெளியேறி, புகார் எழுதியிருந்தார்கள். மங்கை ஒவ்வொன்றுக்கும் ‘பிழை இல்லை’ என்று குறித்து மூடிக்கொண்டே வந்தாள்.

நானூறாவதோ ஐந்நூறாவதோ மூடும்போது, புகாரே இல்லாத ஒன்று வந்தது. படிவத்தின் ‘பிழை நிகழ்ந்த இடம்’ என்ற கட்டத்தில் ‘ராஞ்சி, போன வருடம், மார்ச்’ என்று இருந்தது. ‘விவரம்’ என்ற கட்டத்தில், ‘எனக்கும் முதல் தடவை கேட்கவில்லை. நான் இறக்கிவிட்டேன்’ என்று இருந்தது. கீழே பெயர், விமானி உரிம எண்.

அவள் மற்றவற்றையும் தேடினாள். இருபத்து மூன்று இருந்தன. கொச்சி, பாக்டோக்ரா, மங்களூரு. ஒருவர், மகன் தேர்வில் தோற்ற நாள் என்று எழுதியிருந்தார். ஒருவர் எதுவும் எழுதாமல் தேதியை மட்டும் போட்டிருந்தார். வேறு எங்கும் எழுத முடியாததை எழுத, நாட்டின் விமானிகளுக்குக் கிடைத்த ஒரே இடம் ஒரு விளையாட்டின் பிழைப் படிவமாக இருந்தது.

சேதி எப்படியோ பரவியிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் ஹேமச்சந்திரன் தொலைபேசியில் வந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

“மேடம், பைலட்ஸ் சிலர் உங்க ஃபார்ம்ல எழுதறாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க ஆளுங்க யார் யாருன்னு ஒரு லிஸ்ட் கிடைக்குமா? தண்டிக்க இல்ல. பாதுகாப்புக்காகத்தான்.”

“பார்த்துச் சொல்றேன் சார்,” என்றாள் மங்கை.

தொலைபேசியை வைத்துவிட்டு அந்த இருபத்து மூன்றையும் திறந்தாள். ஒவ்வொன்றிலும் பெயரையும் உரிம எண்ணையும் அழித்தாள். இடத்தையும் விவரத்தையும் அப்படியே விட்டாள். பிறகு படிவத்துக்குள் போய் ‘பெயர்’ என்ற கட்டத்தையே எடுத்தாள். யார் அனுப்பினார்கள் என்று பின்னணியில் குறித்துக்கொள்ளும் வரியையும் எடுத்தாள். சேமித்தாள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஹேமச்சந்திரனைக் கூப்பிட்டாள்.

“சார், பார்த்துட்டேன். எழுதினது யாருன்னு எங்ககிட்ட தகவல் இல்ல.”

“எந்தத் தகவலும் இல்லையா?”

“இல்ல சார். ஃபார்ம்ல பேருக்கு இடமே இல்ல.”

அவர் சந்தேகத்தோடு நன்றி சொல்லி வைத்தார். திங்கட்கிழமை காலை அவள் கணினியைத் திறந்தபோது படிவத்தில் நூற்றுப் பதினெட்டு புதிய பதிவுகள் இருந்தன. அவற்றில் ஒன்றில்கூட ஒலி பற்றிய புகார் இல்லை.